ரெக்கார்டரில் உள்ள பாட்டைக் கணினிக்குக் கொண்டுவர எந்த வழி நல்லது?

வீட்டில் பாடியும் வாசித்தும் டிஜிட்டல் ரெக்கார்டரில் பதிந்து வைத்தவற்றைக் கணினிக்கு மாற்றுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. ரெக்கார்டரில் உள்ள மெமரி கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் செருகலாம். ரெக்கார்டரையே யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைக்கலாம். கணினி இல்லாத வீட்டில் கைத்தொலைபேசியின் வழியாக எடுக்கலாம். ரெக்கார்டரை ஓடவிட்டு, அதன் ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒலியைக் கணினியில் மறுபடியும் பதியலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று, மலேசியாவில் எங்கள் பக்கத்து நகரமான ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்துவிட்டும் வரலாம். இவற்றுள் எதைத் தேர்வது என்பது கருவியின் விலையையோ கணினியின் வேகத்தையோ பொறுத்ததன்று. பதிவு அந்தக் கருவிக்குள் எங்கே, எந்த வடிவில் கிடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் விடை தானாகவே வந்துவிடும்.

சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயன் வீடுகளை விட்டுப் பலர் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, தோட்டத்துக் கோயிலில் பாடப்பட்ட பஜனைகள், திருவிழாவுக்கு முன் உருமி மேளக் குழுவினர் செய்த ஒத்திகைகள், பாட்டிமார் பாடிய தாலாட்டுகள், வீட்டுக் கூடத்தில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடிய தேவாரங்கள் ஆகியவை பல குடும்பங்களில் ஒரு சிறிய ரெக்கார்டரில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அவற்றை எந்த ஒலிப்பதிவுக் கூடமும் பதியவில்லை. எந்த வானொலி நிலையத்திலும் அவற்றின் படி இல்லை. பாடியவர்களில் சிலர் இன்று உயிரோடும் இல்லை. ஆகவே மாற்றும்போது ஒலியின் தரம் ஒரு துளியும் குறையக்கூடாது என்பதும், மாற்றும் வேலையில் மூலப்பதிவுக்கு ஊறு நேரக்கூடாது என்பதும் எனக்கு மற்ற எல்லா வசதிகளையும்விட முக்கியமாகப் படுகின்றன. இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் அந்த இரண்டு அளவுகோல்களாலேயே எடைபோடுகிறேன்.

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பதிவைப் படியெடுக்க வேண்டும் என்றால், ஒரு பக்கம் ஓடவிட்டு மறுபக்கம் பதிய வேண்டும் என்றே அவர்கள் நினைப்பார்கள். டிஜிட்டல் ரெக்கார்டருக்கு அது தேவையில்லை. அந்தக் கருவி ஒலியை எண்களாக மாற்றித்தான் வைத்திருக்கிறது. சிடி தரத்தில் பதிந்திருந்தால், இடம் வலம் ஆகிய ஒவ்வொரு தடத்துக்கும் வினாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வோர் எண்ணும் 16 பிட் அளவில், ஒரு கோப்பாக எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பை அப்படியே படியெடுத்தால் கணினியில் இருப்பதும் மூலமும் ஓர் எண் பிசகாமல் ஒன்றாகவே இருக்கும். ஒரு மணி நேரப் பஜனை ஓரிரு நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும். மாறாக, ஓடவிட்டு மறுபடி பதிந்தால் அந்த எண்கள் முதலில் மின்னலையாக மாறி, கேபிளில் பயணம் செய்து, கணினியில் மீண்டும் எண்களாக மாற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது இரைச்சல் சேரும், சிறிது நுணுக்கம் தேயும், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் முழுவதும் காத்திருக்கவும் வேண்டும். எனவே கோப்பாக எடுக்க முடிகிற எந்தப் பதிவையும் ஓடவிட்டுப் பதியக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கோப்பாக எடுப்பதற்கு முதல் வழி கார்டு ரீடர். ஸூம் எச்1, எச்2, எச்4என், டாஸ்காம் டிஆர்-05 போன்ற கருவிகள் எஸ்டி அல்லது மைக்ரோ எஸ்டி கார்டில்தான் பதிகின்றன. அந்தக் கார்டைக் கழற்றி ரீடரில் செருகினால், கணினி அதை ஒரு விரலியைப் (பென் டிரைவ்) போலவே காட்டும். ரெக்கார்டரின் பேட்டரி பாதியில் தீர்ந்துவிடுமோ என்ற கவலை இல்லை. ரெக்கார்டரின் யூஎஸ்பி துளை ஆடிப்போயிருந்தாலும் பாதகமில்லை. ரீடரின் விலையும் அதிகமில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் கார்டின் முகத்தைப் பார்க்க வேண்டும். 2 ஜிபி வரையிலான பழைய எஸ்டி கார்டும், 4 முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டும், அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டும் ஒரே அளவில் இருந்தாலும் உள்ளமைப்பில் வேறுபட்டவை. மேசை இழுப்பறையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய ரீடர் ஒன்று புதிய வகைக் கார்டை அடையாளம் காணாமல், “இதை ஃபார்மட் செய்யட்டுமா?” என்று கணினியின் வாயிலாகக் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் ஆம் என்று சொல்லக்கூடாது. கார்டு பழுதாகிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன், புதிய ரீடர் ஒன்றில் அதைச் செருகிப் பார்க்க வேண்டும்.

எஸ்டி கார்டின் இடப்பக்க விளிம்பில் நகத்தால் நகர்த்தக்கூடிய ஒரு சிறு பிளாஸ்டிக் தாழ் இருக்கும். கார்டைக் கழற்றியவுடன் அதைக் கீழே தள்ளிப் பூட்டிவிட்டால், கணினி அந்தக் கார்டைப் படிக்கும், எழுதாது, அழிக்காது. மைக்ரோ எஸ்டி கார்டில் இந்தத் தாழ் இல்லையென்றாலும், அதைச் செருகும் எஸ்டி அடாப்டரில் இருக்கும். இவ்வளவு சிறிய ஒரு செயல் மூலப்பதிவைக் காப்பாற்றுகிறது என்பதனால்தான் கார்டு ரீடரை நான் கேபிளுக்கு மேலாக வைக்கிறேன். கேபிளால் இணைக்கும்போது இந்தப் பாதுகாப்பு கிடைப்பது அரிது. நம் ஊரின் ஈரப்பதத்தில் கார்டின் செப்புநிறத் தொடுமுனைகள் மங்கிப்போயிருந்தால், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகினால் பல நேரங்களில் கார்டு உயிர்பெற்றுவிடும்.

இரண்டாவது வழியாகிய யூஎஸ்பி கேபிள், கார்டில் அல்லாமல் கருவிக்குள்ளேயே இருக்கும் உள்நினைவகத்தில் பதிந்தவற்றுக்குக் கட்டாயமாகிறது. சோனி பிசிஎம்-டி50, பிசிஎம்-எம்10 ஆகியவற்றில் 4 ஜிபி உள்நினைவகம் உண்டு. ஒலிம்பஸ் எல்எஸ்-10இல் 2 ஜிபி உண்டு. இவற்றில் கார்டும் செருகலாம் என்பதால் ஒரு குழப்பம் நேர்கிறது. கார்டை எடுத்து எல்லாவற்றையும் படியெடுத்துவிட்டோம் என்று நம்பிக் கருவியை விற்றுவிடுபவர்கள், உள்நினைவகத்தில் இருந்ததையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்கள். இத்தகைய கருவிகளை வைத்திருப்போர் கார்டு ரீடரால் ஒரு முறை, கேபிளால் ஒரு முறை என இரண்டு இடங்களையும் பார்த்துவிட வேண்டும்.

கேபிள் வழியில் மக்கள் தடுக்கி விழும் இடம் கேபிளேதான். எங்கள் பஜனைக் குழுவில் மூத்த அக்கா ஒருவர், “தம்பி, ஒயரைக் குத்துனா சார்ஜ் ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே காட்டல, மெஷின் போயிடுச்சுபோல” என்று ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களுக்குள் மின்சாரம் செல்லும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவு செல்ல வேண்டிய மற்ற இரண்டு கம்பிகள் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. கைத்தொலைபேசியிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்றுவதற்கு ஏற்கெனவே பயன்பட்ட கேபிளாக இருந்தால் நம்பலாம். ஆனால் பழைய ரெக்கார்டர்களில் பெரும்பாலானவை மினி யூஎஸ்பி எனப்படும் தடித்த சிறு முனையைக் கேட்பவை. இன்றைய கைத்தொலைபேசிக் கேபிள் அவற்றில் நுழையாது. பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்த கேபிள் வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது படங்களை மாற்றவே தரப்பட்டது.

இணைத்தவுடன் சில ரெக்கார்டர்கள், தாம் சேமிப்புக் கருவியாக இருக்க வேண்டுமா, கணினியின் மைக்காக இருக்க வேண்டுமா என்று திரையில் கேட்கும். சேமிப்பு என்பதையே தேர்வு செய்ய வேண்டும். வேகத்தைப் பொறுத்தவரை, யூஎஸ்பி 1.1 வகையைச் சேர்ந்த மிகப் பழைய கருவிகள் வினாடிக்கு 12 மெகாபிட் என்ற உச்சவரம்புக்குள் அடங்குவதால், சிடி தரத்தில் பதிந்த ஒரு மணி நேரப் பதிவு, அதாவது ஏறத்தாழ 635 எம்பி, வந்துசேர 10 நிமிடத்துக்கு மேல் ஆகலாம். யூஎஸ்பி 2.0 கருவியில் அது ஓரிரு நிமிடத்தில் முடியும். படியெடுக்கும்போது ரெக்கார்டரில் புதிய பேட்டரி இருக்கட்டும். வேலை முடிந்ததும் கணினியில் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பிறகே கேபிளை உருவ வேண்டும்.

கணினியே இல்லாத வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. கைத்தொலைபேசி இல்லாத வீடுதான் இல்லை. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் யூஎஸ்பி கருவிகளை இணைக்க உதவும் ஓடிஜி அடாப்டரையோ டைப்-சி முனை கொண்ட கார்டு ரீடரையோ செருகினால், கார்டில் உள்ள கோப்புகளைத் தொலைபேசிக்குள் படியெடுத்துக்கொண்டு, பின்னர் பிள்ளைகளின் கணினிக்கு மாற்றலாம். இதில் தரம் குறைவதில்லை. கவனம் தேவைப்படுவது அடுத்த கட்டத்தில்தான். புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும்போது ஆவணம் என்ற பிரிவின் வழியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை இருக்கலாம். ரெக்கார்டரை ஓடவிட்டுத் தொலைபேசியை அதன் அருகில் பிடித்துக் குரல்செய்தியாக அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. குரல்செய்தி பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது. ஜால்ராவின் ஒலியும் உருமியின் அடித்தொனியும் அதில் எஞ்சுவதில்லை.

இனி ஓடவிட்டுப் பதியும் வழி. கார்டும் இல்லை, யூஎஸ்பியும் இல்லை, அல்லது அவை பழுதாகிவிட்டன, ஆனால் கருவி இன்னும் பாடுகிறது என்ற நிலையில் இதைத் தவிர வேறு வழியில்லை. மினிடிஸ்க் என்னும் சிறு வட்டில் பதியும் கருவியை வைத்திருப்போரில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். 1992இல் சோனி அறிமுகப்படுத்திய மினிடிஸ்க்கில் ஒலி எண்களாகத்தான் இருக்கிறது என்றாலும், கையடக்கக் கருவிகள் அதைக் கோப்பாகக் கணினிக்குக் கொடுக்கும்படி வடிவமைக்கப்படவில்லை. பின்னாளில் வந்த நெட்எம்டி கருவிகளின் யூஎஸ்பி கூடப் பாட்டைக் கணினியிலிருந்து டிஸ்க்குக்கு அனுப்பத்தான் உருவாக்கப்பட்டது. நாமே மைக்கில் பதிந்த பழைய டிஸ்க்கைக் கணினிக்கு ஏற்றும் வசதி 2006இல் வந்த எம்இசட்-ஆர்எச்1 என்ற கருவியில் கிடைத்தது. இன்று அது பழைய பொருள் சந்தையில் விலை உயர்ந்தே விற்கிறது. ஒளியிழைத் துளை கொண்ட பழைய மினிடிஸ்க் டெக் (வீட்டில் வைத்து ஓட்டும் பெரிய கருவி) யாரிடமாவது இருந்து, அதை ஏற்றுக் கணினிக்கு ஒலியைக் கொடுக்கும் ஒலி இடைமுகக் கருவியும் கிடைத்தால், நேரம் செலவானாலும் எண்கள் எண்களாகவே கடந்து வரும். இவை இரண்டும் கைக்கெட்டாதபோது ஹெட்போன் துளையை நம்புவதில் தவறில்லை.

இந்த வழியில் வரும் இழப்பு பெரும்பாலும் ரெக்கார்டரால் வருவதில்லை, மடிக்கணினியால் வருகிறது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான் உண்டு. அந்தத் துளையின் மைக் பகுதி ஒற்றைத் தடமே கொண்டது. இருபுறமும் ஸ்டீரியோ முனை உள்ள சாதாரணக் கேபிளை அங்கே செருகினால், இடமும் வலமுமாகப் பிரிந்திருந்த ஒலி முறையாக வந்து சேராது. அதைவிடக் கெடுதலான ஒன்றும் இருக்கிறது. மடிக்கணினியின் மைக் உள்ளீடு இணையக் கூட்டங்களில் பேசுவதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதால், மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அதை மின்விசிறியின் இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும் மென்பொருள் அதில் முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். சுருதிப் பெட்டியின் ஒலி மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதுதானே? ஒரு தேவாரப் பதிவை இப்படி மாற்றிக் கேட்டபோது, பாடுபவர் மூச்சு விடும் இடங்களில் சுருதி அறவே காணாமற்போய், அவர் மறுபடி வாய் திறந்ததும் திடுமெனத் திரும்பி வந்தது. பாடகரின் குரல் அந்தரத்தில் தொங்குவது போல இருந்தது. கணினியின் ஒலி அமைப்புகளில் ஒலி மேம்பாடு, இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு ஆகிய அனைத்தையும் நிறுத்திவிட்ட பிறகே பதியத் தொடங்க வேண்டும்.

ஆகவே இந்த வழியை மேற்கொள்வோர், லைன் உள்ளீடு, அதாவது மைக்குக்கு அல்லாமல் மற்ற ஒலிக்கருவிகளை இணைப்பதற்கான துளை, கொண்ட ஒரு சிறிய யூஎஸ்பி ஒலி இடைமுகக் கருவியை வாங்கிக்கொள்வது நல்லது. பெஹ்ரிங்கர் யூசிஏ202 போன்ற எளிய கருவியே இதற்குப் போதும். மைக்குக்கான விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ரெக்கார்டரில் லைன் வெளியீடு தனியாக இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். ஹெட்போன் துளை மட்டும் இருந்தால், ஒலியளவை உச்சத்துக்குக் கொண்டுபோகாமல், பதிவின் மிக உரத்த இடம் கணினியின் அளவுமானியில் பூஜ்யத்துக்கு ஆறு டெசிபல் கீழே நிற்கும்படி அமைக்க வேண்டும். உருமி மேளத்தில் இந்த உரத்த இடம் தொடக்கத்தில் வராது. மேளம் சூடேறி வேகம் கூடும் கடைசிப் பகுதியில் வரும். அந்தப் பகுதியை முதலில் ஓடவிட்டு அளவை அமைத்துக்கொண்டு, பிறகே தொடக்கத்துக்குச் செல்ல வேண்டும். “ம்ம்” என்று தாழ்ந்த ரீங்காரம் கேட்டால், அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரைத்தொடர்பின் வழியாகப் புகுந்ததனால் இருக்கலாம். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, இரண்டு கருவிகளையும் பேட்டரியில் ஓட்டினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். பிற்பகல் இடிமழையில் மின்சாரம் விட்டுவிட்டு வரும் நம் ஊருக்குப் பேட்டரியில் ஓட்டுவது வேறு வகையிலும் நல்லதுதான்.

பல தட ரெக்கார்டர் வைத்திருப்பவர்களின் நிலை முற்றிலும் வேறு. ஆர்மோனியம் ஒரு தடத்தில், தபேலா ஒன்றில், குரல் ஒன்றில், பின்பாட்டு ஒன்றில் என்று வீட்டிலேயே அடுக்கடுக்காகப் பதிந்தவர்களின் கார்டைக் கணினியில் செருகினால், பாட்டுக் கோப்பு எதுவும் கண்ணில் படாமல் போகலாம். ஸூம் ஆர்16 போன்ற கருவிகள் ஒவ்வொரு தடத்தையும் சாதாரண வேவ் கோப்பாகவே (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு) ஒரு கோப்புறைக்குள் வைப்பதால் கவலையில்லை. ஆனால் டாஸ்காம் டிபி-008 கார்டை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, பாட்டைத் தனக்கு மட்டுமே புரியும் பகுதியில் வைக்கிறது. ஏற்றுமதி என்ற கட்டளையைக் கருவியில் கொடுத்தால்தான் அது கணினி காணும் பகுதிக்கு வேவ் கோப்பாக வரும். ரோலண்ட் நிறுவனத்தின் பாஸ் பிஆர் வரிசையின் பழைய கருவிகள் அந்நிறுவனத்தின் சொந்தச் சுருக்க வடிவத்தில் பதிந்தவை. அவற்றிலும் கருவியின் உள்ளேயே வேவ் கோப்பாக மாற்றி வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கருவி பழுதாகிவிட்டால் கார்டு மட்டும் இருந்து பெரிய பயனில்லை. எனவே இவற்றை நாளை, மறுநாள் என்று தள்ளிப்போடக்கூடாது.

இங்கே எழும் தேர்வு, எல்லாத் தடங்களும் சேர்ந்த இறுதிக் கலவையை மட்டும் எடுப்பதா, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியாக எடுப்பதா என்பது. கலவை ஒரே கோப்பு, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நான் இரண்டையும் எடுக்கச் சொல்வேன். அன்று கலவை செய்தபோது குரல் தாழ்ந்துபோயிருந்தால், தடங்கள் தனியாக இருந்தால்தான் பின்னால் அதை உயர்த்த முடியும். கலந்த பிறகு குரலை மட்டும் பிரித்தெடுக்க இன்று மென்பொருள்கள் இருந்தாலும், அவை தருவது ஓர் ஊகமே. தனித்தனியாக ஏற்றுமதி செய்யும் வசதி இல்லாத கருவியாக இருந்தால், இரண்டு தடங்களை மட்டும் திறந்து, ஒன்றை முழுவதும் இடப்பக்கமும் மற்றொன்றை முழுவதும் வலப்பக்கமும் திருப்பி, எதிரொலி முதலிய அனைத்தையும் நிறுத்திவிட்டு, பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து இறுதிக் கலவை செய்து வேவ் கோப்பாக வெளியே எடுக்கலாம். எட்டுத் தடப் பாட்டுக்கு இப்படி நான்கு முறை செய்ய வேண்டும். நான்கு கோப்புகளும் ஒரே புள்ளியில் தொடங்குவதால், கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியவுடன் தாளம் தானாகப் பொருந்தும்.

இதையே ஹெட்போன் துளை வழியாக நான்கு முறை ஓடவிட்டுச் செய்தால் தாளம் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் தொடங்கும் புள்ளி மாறும் என்பது ஒன்று. மற்றொன்று, ரெக்கார்டருக்கும் கணினிக்கும் தனித்தனியே உள்ள கடிகாரங்கள் முற்றிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தால்கூட, ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவினாடி விலகல் வரும். அந்த வேறுபாடு முறைக்கு முறை சிறிது மாறுவதும் உண்டு. ஐந்து நிமிடப் பாட்டில் இது காதுக்கு எட்டாமல் போகலாம். நீண்ட நாமாவளியில் தபேலாவின் அடி இரட்டையாகக் கேட்கத் தொடங்கினால் அதற்கு இது காரணமாக இருக்கக்கூடும்.

பேச்சுக்காக விற்கப்பட்ட பழைய குரல் ரெக்கார்டர்களில் பாட்டைப் பதிந்தவர்களும் உண்டு. சோனியின் பழைய ஐசிடி வகைகள் டிவிஎஃப், எம்எஸ்வி என்ற கோப்புகளையும், ஒலிம்பஸின் சில வகைகள் டிஎஸ்எஸ் கோப்புகளையும் உண்டாக்கின. இவற்றைச் சாதாரண ஒலி மென்பொருள் திறக்காது. அந்தந்த நிறுவனம் அன்று கருவியோடு கொடுத்த மென்பொருள் குறுந்தட்டு வீட்டில் இருந்தால் அதை நிறுவி, வேவ் கோப்பாக மாற்றிச் சேமிக்க வேண்டும். மூலக்கோப்பையும் அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

கடையில் கொடுப்பது குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருவி பழுதானவர்களுக்கும் மினிடிஸ்க் டெக் தேவைப்படுபவர்களுக்கும் அது பயன்படும். கார்டில் உள்ள கோப்பைப் படியெடுப்பதற்குக் கடைக்குப் பணம் கொடுப்பது வீண். கொடுப்பதானால், வேவ் கோப்பாகவே வேண்டும், ஒலியைத் திருத்தவோ இரைச்சலை நீக்கவோ கூடாது, கார்டை அழிக்காமல் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் எம்பி3 நிறைந்த குறுந்தட்டு ஒன்று கையில் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

எந்த வடிவில் வைத்துக்கொள்வது என்பதில் என் கருத்து எளிமையானது: ரெக்கார்டர் எப்படிப் பதிந்ததோ அப்படியே. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 1.04 ஜிபி ஆகும். 128 கேபிபிஎஸ் எம்பி3 மணிக்கு 58 எம்பிக்குள் அடங்கிவிடும். வேறுபாடு பெரிதுதான் என்றாலும், இன்றைய வன்தட்டுகளில் நூறு மணி நேரப் பஜனைக்கும் இடம் இருக்கிறது. இடம் போதாதவர்கள் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றலாம். அது கோப்பை ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கினாலும் ஓர் எண்ணையும் இழப்பதில்லை, தேவைப்படும்போது வேவாகவே திரும்பி வரும். எம்பி3 உறவினர்களுக்கு அனுப்புவதற்கும் காரில் கேட்பதற்கும் மட்டும் இருக்கட்டும். ரெக்கார்டரே எம்பி3 ஆகப் பதிந்திருந்தால், அதை வேவாக மாற்றுவதால் தரம் கூடாது, உள்ளபடியே வைத்துக்கொள்ளலாம்.

சிவராத்திரி இரவு முழுவதும் ஓடிய பதிவுகளில் ஒரு சிக்கல் வரும். ரெக்கார்டர்கள் பல, கோப்பு 2 ஜிபியை எட்டியவுடன் அதை மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்குகின்றன. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் நடக்கும். கோப்புகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி வைத்தால் பாட்டு தொடர்ந்து ஓடும். பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்து கோப்பின் நீளம் பூஜ்யமாகக் காட்டப்பட்டால், ஒலி கார்டில் இருந்தும் கோப்பின் தலைப்பகுதி மட்டும் எழுதப்படாமல் போயிருக்கலாம். அந்தக் கார்டில் வேறெதையும் பதியாமல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பின் அளவு பெரிதாகவே இருந்தால், ஆடாசிட்டியில் மூலத்தரவாக இறக்குமதி செய்யும் வசதியைக் கொண்டு மீட்கலாம். கோப்பே காணாமற்போயிருந்தால், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் வேவ் கோப்புகளையும் தேடித்தரும்.

படியெடுத்த பிறகு கார்டை உடனே அழிக்கக்கூடாது. இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்தையும் நடுவையும் கடைசியையும் கேட்டுப் பார்த்து, வெளி வன்தட்டு ஒன்றிலும் வேறோர் ஊரில் இருக்கும் பிள்ளையின் வீட்டிலும் ஒவ்வொரு படி வைத்த பிறகே அதைப் பற்றி யோசிக்கலாம். கோப்பின் தேதியை நம்ப வேண்டாம்; பேட்டரியை மாற்றும்போது பல ரெக்கார்டர்களின் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடுவதால், பத்து ஆண்டு இடைவெளியில் பாடியவை ஒரே நாளில் பாடியவையாகக் காட்டப்படும். யார் பாடினார், எந்தத் தோட்டம், எந்தத் திருவிழா என்பதை அறிந்தவர் இருக்கும்போதே கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும்.

நேரம் குறைவாக இருந்து, எதை முதலில் மாற்றுவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு என் வரிசை இது. பேட்டரியை உள்ளேயே விட்டுப் பல ஆண்டுகள் கிடக்கும் கருவிகளை இன்றே திறந்து, கசிந்திருந்தால் பேட்டரியை அகற்றித் தொடுமுனைகளைத் துடைக்க வேண்டும். அடுத்து, ஓடும் கருவி அருகிவரும் மினிடிஸ்க்குகள். அதன்பின், தமக்கு மட்டுமே புரியும் வடிவில் பதிந்த பல தட ரெக்கார்டர்களும் பழைய குரல் ரெக்கார்டர்களும். உள்நினைவகம் மட்டும் கொண்டவை அதற்கடுத்து. சாதாரண வேவ் கோப்புகள் நிறைந்த எஸ்டி கார்டுகள் கடைசியாக இருக்கலாம். தாழைப் பூட்டி உலர்ந்த டப்பாவில் போட்டு வைத்தால், அவை மற்ற வேலைகள் முடியும்வரை பொறுத்திருக்கும்.